வண்டி வாசலுக்கு வருமுன் நாம் செய்ய வேண்டியவை

(ஆழ்வார்குறிச்சியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகத் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



ரத்தசோகை, சர்க்கரை நோய் என்றால் நாம் வாய்விட்டுப் பேசிவிடுகிறோம். இன்றைக்கு எடுத்திருக்கும் விஷயத்தை மட்டும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கி, நிலைமை கைமீறிப் போகிறது. 108-க்குப் போன் போடுகிறோம். வண்டியும் வருகிறது. அப்போது அந்த வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? நாம் என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இந்த மாதிரி நேரத்தில் நம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வண்டி வந்தாச்சுக்கா. ஆனா வந்தவங்க உள்ள வரமாட்டேங்காங்க. வெளியவே நிக்காங்க. பயந்தா எதுக்கு இந்த வேலைக்கு வரணும்?" கோபம் வருவது இயல்புதான். ஆனால் அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும். நாம் செய்ய வேண்டிய வேலையும் அதிலேயே புரிந்துவிடும்.

அவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் வருவது இரண்டே பேர். ஒருவர் ஓட்டுநர், அவரை 'பைலட்' என்பார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர். அவர்கள் கையில் லத்தி கிடையாது, கூடப் போலீசும் கிடையாது. அந்த வீட்டை அதற்கு முன் பார்த்ததும் கிடையாது. உள்ளே யார் இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது, பின்வாசல் எங்கே இருக்கிறது, எதுவும் தெரியாது.

ஆம்புலன்சில் வேலை செய்கிறவர்களுக்கு உலகம் பூராவும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், "முதலில் இடம் பாதுகாப்பா என்று பார். பிறகு நோயாளியிடம் போ" என்பதுதான். கரண்டு கம்பி அறுந்து கிடந்தாலும் இதே பாடம். கிணற்றில் விஷவாயு இருந்தாலும் இதே பாடம். ஒருவர் கையில் அரிவாளோடு நின்றாலும் இதே பாடம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உதவிக்கு வந்தவருக்கே வெட்டுப்பட்டால், நோயாளி ஒருவர் என்பது போய் இரண்டு பேர் ஆகிவிடும். நம் வீட்டு ஆளைக் கொண்டுபோக ஆள் இருக்காது. அந்த வண்டியும் அங்கேயே முடங்கிவிடும். அடுத்த தெருவில் பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணுக்கு வேறு ஊரிலிருந்து வண்டி வர வேண்டும். மனம் கலங்கியவரின் பெயரும் 'ஆளை வெட்டினவன்' என்று ஆகிவிடும். நோய் குணமானாலும் அந்தப் பெயர் போகாது.

ஆகவே வண்டியில் வருகிறவர்களின் பாதுகாப்பு வேறு, நம் வீட்டு நோயாளியின் பாதுகாப்பு வேறு இல்லை. அந்த இடத்தைப் பாதுகாப்பாக ஆக்குகிற வேலையில் பாதி நம் கையில்தான் இருக்கிறது. வண்டி வருவதற்கு முன்னால் அங்கே இருப்பது நாம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மனநோய் உள்ளவர் என்றாலே அடிப்பார், கடிப்பார் என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்கள் யாரையும் எதுவும் செய்வதில்லை. ஊராரிடம் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான் அதிகம். ஒருவர் கை ஓங்குகிறார் என்றால், பெரும்பாலும் அது பயத்தில் வருவது. தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று அவர் நம்பினால், தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அந்தப் பயத்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும்.

போனில் உண்மையைச் சொல்வோம்

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். மகன் நாலு நாளாகத் தூங்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறான். யாரோ சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்கிறான். ராத்திரி கொடுவாளை எடுத்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான். அம்மா போன் போடுகிறாள். என்ன சொல்கிறாள்? "பையனுக்கு நெஞ்சு வலி, சீக்கிரம் வாங்க."

ஏன் அப்படிச் சொல்கிறாள்? உண்மையைச் சொன்னால் வண்டி வராதோ என்ற பயம். போலீஸ் வந்து கேஸ் போட்டுவிடுமோ என்ற பயம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதே, நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அந்தத் தாயை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு பொய்யால் மருத்துவ உதவியாளர் நெஞ்சுவலிக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி நேராகப் படுக்கை பக்கத்தில் போய் நிற்பார். அவன் கையில் கொடுவாள் இருப்பது அவருக்குத் தெரியாது.

உண்மையைச் சொன்னால் வண்டி வரும். மனநல மருத்துவச் சட்டம் 2017, 21ஆவது பிரிவில், உடல்நோய் வந்தவருக்கு ஆம்புலன்ஸ் எப்படியோ அதே மாதிரிதான் மனநோய் வந்தவருக்கும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பயப்படாமல் இவற்றைச் சொல்லுங்கள்:

1. யாருக்கு, என்ன வயது, என்ன செய்கிறார்.
2. கையில் அல்லது பக்கத்தில் அரிவாள், கத்தி, கம்பு, மண்ணெண்ணெய் இருக்கிறதா.
3. குடித்திருக்கிறாரா. பூச்சிமருந்தோ வேறு எதுவுமோ சாப்பிட்டிருக்கலாம் என்று சந்தேகமா.
4. முன்னால் மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவரா. நடுவில் நிறுத்திவிட்டாரா.
5. யாரையாவது அடித்தாரா. வீட்டுக்குள் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கிறார்களா.

ஊர்ப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஆழ்வார்குறிச்சி என்று நாம் சொல்வது, ஆழ்வார்திருநகரி என்று அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. அது தூத்துக்குடி மாவட்டம். நம்மில் பலர் பழக்கத்தில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே சொல்கிறோம். 2019 நவம்பரிலிருந்து நாம் தென்காசி மாவட்டம். "தென்காசி மாவட்டம், கடையம் பக்கம், ஆழ்வார்குறிச்சி" என்று சொல்லி, தெருப் பெயரையும், ரயில் நிலையம், கல்லூரி, கோயில் என்று பக்கத்தில் இருக்கும் அடையாளத்தையும் சொல்லுங்கள்.

கையில் ஆயுதம் இருந்தால் போலீசும் வேண்டும் என்று 108-இலேயே சொல்லலாம். 100-க்கும் பேசலாம். போலீஸ் வரும்வரை வண்டி சற்றுத் தள்ளி நின்றால் ஆத்திரப்பட வேண்டாம். அவர்கள் ஓடி ஒளியவில்லை, முறைப்படி நடக்கிறார்கள்.

வண்டி வருவதற்குள்

முதலில் குழந்தைகளையும் வயதானவர்களையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஆயுதத்தோடு உங்களை நோக்கி வந்தால் நீங்களும் வெளியேறுங்கள். பிடுங்கப் போகாதீர்கள். வீடு, பாத்திரம், பணம் எதுவும் உயிரைவிடப் பெரிதில்லை.

அவர் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, ஆபத்தான பொருட்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்துங்கள். நம் வீடுகளில் எவை என்று நமக்கே தெரியும். அடுப்பங்கரையில் அரிவாள்மணை, கத்தி, உலக்கை. திண்ணையில் பீடித்தட்டும் கத்தரியும். மூலையில் மண்வெட்டி, பன்னரிவாள். பரணில் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து. அவர் கண்முன்னால் பரபரப்பாக அள்ளாதீர்கள். வழக்கமான வேலை மாதிரி எடுத்துப் போங்கள். அவரைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொன்னால் போதும்.

அடுத்தது கூட்டம். நம் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் தெருவே கூடிவிடும். சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள். சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். ஏற்கெனவே எல்லாரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறவருக்கு, வாசலில் நாற்பது பேர் நின்றால் என்ன தோன்றும்? இந்த இடத்தில்தான் குழுப் பெண்கள் பெரிய உதவி செய்ய முடியும். நாலு பேர் சேர்ந்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்கய்யா, படம் எடுக்காதீங்க, வண்டிக்கு வழி விடுங்க" என்று சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் வரிசையை ஒழுங்குபடுத்துகிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

நாயைக் கட்டிப்போடுங்கள். ராத்திரி என்றால் வாசல் விளக்கைப் போடுங்கள். வாசற்படியில் கிடக்கும் குடம், சைக்கிள், நெல்மூட்டையை ஒதுக்குங்கள். ஒருவர் தெருமுனையில் போய் நின்று வண்டியைக் கூட்டி வாருங்கள். வண்டி பக்கத்தில் வந்ததும் சைரனை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களே பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

ஒருவர் மட்டும் பேசுங்கள்

வீட்டில் அவர் யார் சொன்னால் கேட்பார் என்று பார்த்து அந்த ஒருவர் மட்டும் பேச வேண்டும். அம்மாவாக இருக்கலாம், மதினியாக இருக்கலாம், கூடப் படித்த நண்பனாக இருக்கலாம். நாலு பேர் நாலு பக்கமிருந்து பேசினால் யாருக்கும் தலை சுற்றும்.

கை எட்டாத தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். அவருக்கும் வெளியேற வழி இருக்க வேண்டும், உங்களுக்கும் இருக்க வேண்டும். அடுப்பங்கரையில் வைத்துப் பேச வேண்டாம். பெயர் சொல்லி, மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசுங்கள். திடீரென்று தோளைத் தொடாதீர்கள்.

"விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் கிறுக்கு" என்று வாதம் செய்தால் அவர் இன்னும் கொதிப்பார். "ஆமா, நானும் பார்த்தேன்" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது மக்கா. நான் பக்கத்துலதான் இருக்கேன். தண்ணி குடிக்கியா?" இப்படிப் பேசினால் போதும். பேசப் பேச அங்குமிங்கும் வேகமாக நடக்கிறார், கையை முறுக்குகிறார், பல்லைக் கடிக்கிறார், குரல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பேச்சை நிறுத்திப் பின்வாங்குங்கள்.

ஏமாற்றியும் கூட்டிப்போகக் கூடாது. 'குற்றாலத்துக்குப் போகிறோம்' என்று வண்டியில் ஏற்றினால், நடுவழியில் உண்மை தெரியும்போது அந்தக் கோபம் முழுவதும் பக்கத்தில் இருக்கிற மருத்துவ உதவியாளர் மேல்தான் பாயும். அடுத்த தடவை அவர் யாரையும் நம்பவும் மாட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் கூட வாரேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

சங்கிலியும் கயிறும் வேண்டாம்

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். நம் நாங்குநேரி பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கூரைக் கொட்டகையில் விடியற்காலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் குணமாகும் என்று நம்பிக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்.

இன்று எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவரவர் நம்பிக்கை. மாத்திரையை நிறுத்த வேண்டாம், கட்டிப்போட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

வீட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து அமுக்கிக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தால் மூச்சுத் திணறி உயிரே போகலாம். "இப்பதான் கத்திட்டு இருந்தான், சட்டுனு அமைதியாயிட்டான்" என்றால் அது அமைதி இல்லாமல் இருக்கலாம். உடனே புரட்டி மூச்சைப் பாருங்கள். தப்பவே வழியில்லாமல் பிடிக்க வேண்டி வந்தால், முகம் மேலே இருக்கட்டும், நெஞ்சில் பாரம் வேண்டாம்.

எல்லாமே மனநோய் இல்லை

திடீரென்று ஒருவர் உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், உடனே 'பேய்' என்றும் 'மனநோய்' என்றும் முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவருக்குச் சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் இப்படி ஆகும். மூளைக்காய்ச்சல், தலையில் அடி, வலிப்பு, வயதானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல்கூட இப்படிக் காட்டலாம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சி, பாம்பெல்லாம் தெரியும். அது உயிருக்கே ஆபத்தானது.

பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பிரசவம் ஆகி முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கம் கெட்டு, புத்தி தடுமாறி, பிள்ளையைப் பார்த்தே பயப்படுகிற நிலை சிலருக்கு வரும். தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சரியான சிகிச்சை எடுத்தால் நன்றாகக் குணமாகிவிடும்.

பூச்சிமருந்து குடித்திருக்கலாம் என்றால், அந்தப் பாட்டிலையும் கொண்டு போங்கள், டாக்டருக்கு உதவும். வாந்தியையும் நனைந்த துணியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் வழியாகவும் விஷம் ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வண்டியில் வருகிறவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்வார்கள். கேஸ் வருமே என்று மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் எல்லாம் மனநோயாளி இல்லை. அந்த மாதிரி அடி விழுகிற பெண்களுக்கு 181 என்ற எண் இருக்கிறது.

வண்டியில் ஏறும்போது

ஓடுகிற வண்டியின் பின்பக்கம்தான் மருத்துவ உதவியாளருக்கு ரொம்ப ஆபத்தான இடம். சின்ன அறை, ஒரே ஆள், பக்கத்தில் கத்தரிக்கோல், ஆக்சிஜன் சிலிண்டர். அதனால் ஏற்றும் முன் மடியில், பையில் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவமானமாக நினைக்காதீர்கள். பெண் நோயாளி என்றால் நம்மில் ஒரு பெண் பார்க்கலாம்.

அவர் நம்புகிற ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். பெண் நோயாளியோடு ஒரு பெண் போக வேண்டும். வீட்டில் ஆள் இல்லை என்றால் குழுவிலிருந்து ஒருவர் போகலாம். மாத்திரை அட்டை, பழைய சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருக்கட்டும்.

எங்கே கொண்டு போவார்கள் என்று கேட்பீர்கள். நிலைமையைப் பொறுத்து அம்பாசமுத்திரம், தென்காசி அரசு மருத்துவமனைகள், அல்லது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. அவசர நேரத்தில் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரச் சட்டத்தில் இடம் உண்டு. போலீஸ் வந்தாலும் நோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டனை தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008-லிருந்தே இருக்கிறது. தாமதம் என்று ஆத்திரப்பட்டு வண்டி மேல் கல் எறியும் நம் தெரு இளைஞர்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

குழுவில் நாம் செய்ய வேண்டியது

அவசரம் வரும்வரை காத்திருப்பதைவிட முன்னாலேயே பார்ப்பது நல்லது. தூக்கம் போனது, தனியாகப் பேசுவது, மாத்திரையை நிறுத்தியது, 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு, இவையெல்லாம் முன்னறிகுறி. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். 2022-இல் தொடங்கிய சேவை இது. 104-க்கும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து, அதைக் குழு நோட்டில் எழுதி வைப்போம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற உறுப்பினரைக் குழுவிலிருந்து ஒதுக்கக் கூடாது. அவர் வார சேமிப்பு தொடரட்டும். கூட்டத்தில் அவர் உட்காரும் இடம் அவருக்கே இருக்கட்டும். மனநோயையும் மாற்றுத்திறனாக 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருக்கிறது. நீண்ட நாள் பாதிப்பு உள்ளவருக்கு அடையாள அட்டை வாங்க நாம் கூடப் போய் உதவலாம்.

ஆகவே, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டுகிறோம்:

1. 108, 100, 104, 181, 14416 எண்களை எல்லா உறுப்பினர் வீட்டுச் சுவரிலும் எழுதுவது.
2. அவசரத்தில் கூட்டத்தை விலக்க நாலு பேர், வண்டியைக் கூட்டிவர ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒருவர் என்று முன்கூட்டியே பெயர் குறிப்பது.
3. அவசரப் பயணச் செலவுக்குக் குழு நிதியிலிருந்து உடனடிக் கடன் தருவது.
4. மனநோய் உள்ளவர் வீட்டுப் பேச்சை வெளியில் கொண்டு போவதில்லை என்று முடிவு செய்வது.

நாலாவது தீர்மானத்தை மறந்துவிடாதீர்கள். தன் வீட்டு விஷயம் ஊர்ப் பேச்சாக ஆகாது என்ற தைரியம் இருந்தால்தான், அந்தத் தாய் நெஞ்சு வலி என்று சொல்லாமல் போனில் உண்மையைச் சொல்வாள். அவள் உண்மையைச் சொன்னால் வண்டியில் வருகிற இருவரும் தயாராக வருவார்கள். அவளுடைய பிள்ளையும் பத்திரமாக ஆஸ்பத்திரி போய்ச் சேருவான்.